நாலு நிமிஷத் தூரம்

முப்பத்தொரு வருஷம் மருந்து வண்டி ஓட்டியவன் நான். காலையில் கிடங்கில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், சுற்றுவட்டாரத்தில் உள்ள இருபத்துமூன்று மருந்துக்கடைகளிலும் இறக்கிவிட்டுச் சாயங்காலம் காலி வண்டியோடு திரும்புவேன். ஒரு தடவைகூடப் பெட்டி மாறியதில்லை, வழி தவறியதில்லை. இதை நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவேன் என்று என் மனைவி சொல்லுவாள். அவள் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சொல்லுவாள், நல்ல மனசு.

எனக்கு வண்டி பழக்கிக் கொடுத்தது என் பெரியப்பாவின் இரண்டாவது மகளைக் கட்டியவர். அத்தான் முறை. அவர் லாரிக்காரர். அவரிடமிருந்து கிளச், பிரேக்கோடு சேர்த்து இன்னொரு பழக்கமும் தொற்றிக்கொண்டது. தூரத்தை அவர் நிமிஷத்தில்தான் சொல்லுவார். நானும் அப்படியே ஆகிவிட்டேன். சொந்தக்காரர்கள் வீடெல்லாம் என் மனசில் நிமிஷக் கணக்கில்தான் இருக்கிறது. பெரிய அத்தை வீடு நாற்பது நிமிஷம். சித்தப்பா வீடு ஒரு மணி பத்து. சின்ன மாமா வீடு ஒன்றரை மணி. அவர் சம்சாரம் வீட்டில் இருந்தால், வாசலிலேயே கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒன்றே முக்கால்.

அந்த மருந்துச் சுற்றில் ஒரு ஏரி உண்டு. பாலத்தைத் தாண்டி வலது கைப்பக்கம் திரும்பினால் நாலு நிமிஷம். தினமும் மத்தியானம் கரையோரத்து மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். கால் மணி நேரம். கடைக்காரர்களும் கிடங்கு முதலாளியும் வீட்டுக்காரியும் என்னைக் கூப்பிட முடியாத கால் மணி நேரம் அது ஒன்றுதான். கொக்கு நிற்கும், தண்ணீர் மினுங்கும், சோறு இறங்கும். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தமாக வாங்கிய சின்னக் காரில் வாரம் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் கண் காலை வாரியது. நேரே பார்த்தால் எல்லாம் தெரிகிறது, ஓரம் தெரியவில்லை. கண்ணுக்குள் அழுத்தமாம். டாக்டர் விரலைப் பக்கவாட்டில் ஆட்டி, “இது தெரியுதா?” என்றார். “எது?” என்றேன். பரிசோதனை அத்தோடு முடிந்தது. அதற்கு முந்தின வாரமே என் வீட்டு கேட் தூணை நானே இடித்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன், அசையாமல் நின்ற சொந்தத் தூணைப் போய் இடித்தேன். லைசென்ஸ் போனது. கார் போனது.

பதினாலு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையிடம் கார் இருக்கிறது. மகளும் அவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். தங்கமான மனுஷன். “மாமா, எப்ப வேணா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்” என்பார். ஒரு தடவை போனோம். ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கரையில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, “பாத்தாச்சா மாமா? திருப்பவா?” என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை. காத்திருக்கும் ஆளை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சும்மா இருப்பதற்காகத்தானே நான் அங்கே போவது!

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அறிவித்தேன். “ஞாயித்துக்கிழமை நான் ஏரிக்குப் போறேன். பஸ்ல. தனியா.”

மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, “எந்த பஸ்?” என்றாள்.

“எட்டு மணி பஸ். ஒன்பதுக்குப் பாலத்துல இறங்கிடுவேன். அங்கிருந்து நாலு நிமிஷம். பதினொரு மணி பஸ்ஸைப் பிடிச்சு பன்னெண்டுக்கு வந்துடுவேன்.”

“நீங்க பஸ்ல ஏறி எத்தனை வருஷம் ஆச்சு?”

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அவள் வீட்டுக்குப் போனது பஸ்ஸில்தான். அதைச் சொன்னேன். “அப்பவும் ஒரு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கித்தான் வந்தீங்க” என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக இதை அவள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். “யாரையும் கூப்பிடாம நீங்களா போய் நீங்களா திரும்பிட்டீங்கன்னா, இனிமே எங்க போறீங்கன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். நடுவழியில மாப்பிள்ளைக்கு போன் போட்டீங்கன்னா, அதுக்கப்புறம் தெருமுனை வரைக்கும்தான். சம்மதமா?”

“சம்மதம்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“நாலு நிமிஷ நடைக்கு என்னடி யோசனை?”

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையைப் பிடித்தேன். அங்கேதான் வினை. டிரைவர் வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. என் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, ஒரு அம்மாள் வைத்திருந்த தக்காளிக் கூடை இருந்தது. இரண்டாவது வளைவில் கியரை மாற்றப்போன இடது கை பக்கத்து ஆளின் முழங்காலைப் பிடித்தது. மூன்றாவது வளைவில் வாயும் சேர்ந்துகொண்டது. “ஹாரன் அடிங்க தம்பி!” என்றேன்.

கண்டக்டர் வந்து நின்றார். “ஐயா, வண்டியை அவரு ஓட்டட்டும். நீங்க டிக்கெட் மட்டும் எடுங்க.”

பின்னால் யாரோ, “ரெண்டு டிரைவர் இருக்கற பஸ்ஸு, பயப்படாதீங்க!” என்று சத்தம் போட, பஸ்ஸே சிரித்தது. தக்காளி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

பாலத்தில் இறங்கினேன். ஒன்பது மணி. வலது பக்கம் திரும்பி நடந்தேன். நாலு நிமிஷம் ஆயிற்று. ஏரியைக் காணோம். எட்டு நிமிஷம் ஆயிற்று. வழக்கமாக நான் மூன்றாவது கியருக்கு மாறும் புளியமரமே இன்னும் தூரத்தில் நின்றது. அப்போதுதான், அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே, என் மண்டையில் ஏறியது. நாலு நிமிஷம் என்பது வண்டிக்கு நாலு நிமிஷம். முப்பத்தொரு வருஷம் அந்த வழியில் போனவன், ஒரு நாள்கூட அதில் கால் வைத்ததில்லை.

இந்த இடத்தில் என்னை முட்டாள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் அப்போதே நினைத்துவிட்டேன்.

திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பிப் போய் வீட்டில் என்ன சொல்வது? ஏரி கிடைக்கவில்லை என்றா? நடந்தேன். வண்டியில் போகும்போது அது சமமான சாலை. நடந்தால் மேடு. இதுவரை அந்த மேட்டை என் இன்ஜின் என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறது. ஒரு சின்னப் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேசின. செருப்பு வார் வேறு கடித்தது. போனை எடுத்தேன். மகள் மாப்பிள்ளையின் நம்பரை முதல் பட்டனில் வைத்துக் கொடுத்திருந்தாள். அமுக்கிப் பிடித்தால் போதும். கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கார் வந்துவிடும், குளிர்ச்சியாக, கண்ணாடி ஏற்றியபடி. அப்புறம் என் ராஜ்ஜியம் தெருமுனை வரை. தெருமுனையில் ஒரு குப்பைத் தொட்டியும் ஒரு தபால் பெட்டியும் இருக்கின்றன. மிச்ச ஆயுசுக்கும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போனைத் துணிப்பையின் அடியில், தண்ணீர் பாட்டிலுக்கும் துண்டுக்கும் கீழே, என் கைக்கே எட்டாதபடி திணித்துவிட்டு எழுந்தேன்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால். பதினொரு மணி பஸ் கைவிட்டுப் போனது போனதுதான். எனக்குத் தெரிந்து அடுத்தது நாலு மணிக்கு. மரத்தடியில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நொண்டிக்கொண்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை என் முகத்தில் நின்றது. பிறகு கால்களுக்குப் போனது. அங்கேயே இருந்தது.

“அண்ணே, நீங்க அந்த வெள்ளை வண்டிக்காரர்தானே? மருந்து வண்டி?”

“ஆமாம்மா. எப்படித் தெரியும்?”

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அட, உங்களுக்குக் கால் இருக்கு!”

எனக்கு விளங்கவில்லை.

“தினம் வருவீங்க. கதவைத் திறந்து வச்சு, வண்டிக்குள்ளயே உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவீங்க. ஒரு நாள் இறங்கினதில்ல. பாவம், அந்த மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழ ஏதோ கோளாறுன்னு நாங்க பேசிக்குவோம். எங்க வீட்டுக்காரர் உங்களுக்கு வச்ச பேரே கால் இல்லாத மருந்துக்காரர்.”

“கால் இல்லாம வண்டி எப்படிம்மா ஓட்டுறது?”

“அதான் எங்களுக்கும் ஆச்சரியம். கெட்டிக்காரர்னு சொல்லுவோம்.”

முப்பத்தொரு வருஷம் நான் ஏரியைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பேச்சை மாற்ற, வழக்கப்படி சொந்தம் விசாரித்தேன். எங்கே பிறந்தாய், யாருக்கு வாக்கப்பட்டாய் என்று நூல் பிடித்துப் போனதில், அவள் வீட்டுக்காரரின் தங்கையை என் சித்தப்பா மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அவள் எனக்குத் தங்கச்சி முறை. ஏற்கெனவே அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே நான் அரைமணி நேரம் சிரமப்பட்டுக் கண்டுபிடித்ததால் ஒரு மாற்றமும் நேரவில்லை. உரிமை மட்டும் கூடியது. அவளுக்கு.

“கால் இருக்குல்ல, தண்ணியில வைங்க அண்ணே. வீங்கியிருக்கு பாருங்க.”

செருப்பைக் கழற்றிக் கல்லில் உட்கார்ந்து இறக்கினேன். சேறு விரல் இடுக்கில் ஏறியது. சின்ன மீன்கள் வந்து கொறித்தன. கொக்கு பத்தடி தள்ளி நின்று, இது புதுசு என்பதுபோல் பார்த்தது. கால் மணி நேரம் என்று உட்கார்ந்தவன், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பைக்குள் போன் கிடந்து அடித்ததோ என்னவோ, என் காதில் விழவில்லை.

“எப்படித் திரும்பிப் போவீங்க?” என்று அவள்தான் கேட்டாள்.

“பாலத்துக்கு நடக்கணும். நாலு மணி பஸ்.”

“பாலத்துக்கு எதுக்கு? மதகுக்குப் பின்னாடிதானே பஸ் நிக்குது. ஒன்றரைக்கு ஒண்ணு இருக்கு.”

“எங்கே?”

“அதோ. இருநூறு அடி இருக்கும். காலையில ஒன்பதே காலுக்கும் ஒண்ணு வரும். நான் பொறந்ததிலிருந்து வருது.”

என் வண்டி நிற்கும் மரத்துக்கு நேர் பின்பக்கம். பஸ் நிறுத்தப் பலகை ஒன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் சோறு தின்றிருக்கிறேன். அப்போது என் கண்ணுக்கு ஓரம்கூட நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றரை மணி பஸ் ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. இந்தத் தடவை கடைசி இருக்கையில் உட்கார்ந்து, காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டேன்.

பஸ் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் மாப்பிள்ளையின் கார். பக்கத்துக் கடைக்காரரிடம் மாப்பிள்ளை கையை நெற்றி உயரத்தில் வைத்து என் அளவைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அதைவிட உயரம். பையைத் துழாவிப் போனை எடுத்தேன். பதினொரு தடவை அழைத்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை.

“மாப்பிள்ளை!” என்று கத்தினேன்.

ஓடி வந்தார். வேர்த்துப் போயிருந்தது. “மாமா! எங்கே போனீங்க? இறங்குங்க, கார்ல போயிடலாம்.”

“டிக்கெட் எடுத்தாச்சு மாப்பிள்ளை.”

“பரவாயில்ல மாமா, இறங்குங்க.”

“இல்ல மாப்பிள்ளை. கோவிச்சுக்காதீங்க. நான் இதுலயே வர்றேன். நீங்க பின்னாடியே வாங்க.”

கண்டக்டர், “சார், ஏறுறீங்களா, அவரை இறக்குறீங்களா? சீக்கிரம் முடிவு பண்ணுங்க” என்றார். மாப்பிள்ளை இரண்டும் செய்யவில்லை. காரில் ஏறி, பின்னாலேயே வந்தார். பஸ் நின்ற நிறுத்தத்தில் எல்லாம் காரும் நின்றது. கடைசி இருக்கையில் இருந்த நான் அவ்வப்போது கையாட்டினேன். முதலில் அவர் முறைத்தார். ஆறாவது நிறுத்தத்தில் சிரித்துவிட்டார்.

தெருமுனையில் இறங்கி, குப்பைத் தொட்டியையும் தபால் பெட்டியையும் தாண்டி நொண்டி நடந்தேன். கார் என் பின்னால் ஊர்வலம் மாதிரி ஊர்ந்தது. மனைவி இடிந்த தூணருகே நின்றாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். என்னோடு பேசவில்லை. காரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“மாப்பிள்ளை, அவரு உங்களைக் கூப்பிட்டாரா?”

“இல்ல அத்தை. நான்தான் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாரு.”

அவள் சேறு காய்ந்திருந்த என் பாதத்தையும் வார் கடித்த இடத்தையும் பார்த்தாள். உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். சொன்ன வார்த்தைப்படி, எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. புதன்கிழமை, துணி மடித்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி பேச்சை எடுத்தாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரலாம்னு பாக்கறேன். பஸ் விட்டு இறங்கினா எவ்வளவு தூரம் நடக்கணும்?”

“இருநூத்துப் பன்னெண்டு அடி. நானே எண்ணினேன்.”

மடித்த துணியை அடுக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எதுல உக்காந்து எண்ணினீங்க?”