இது எந்தப் பேர்லி?

வியாழக்கிழமை சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாரியிலை புகையிலை நடப்போறம் எண்டு எழுதினீங்கள். பிறகு ஒரு கதையும் இல்லை. என்ன நடந்தது?"

"எனக்கே தெரியாது" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

சரி... எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். விளங்காத இடத்தில் நீங்களும் என்னோடு சேர்ந்து முழியுங்கள்.

என் கணவரின் அண்ணர் பஸ்தியான் அத்தான். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படைத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, எங்கள் ஊரிலேயே ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறார். துறைமுகத்தில் பழகிய பழக்கம் பைப். சுருட்டுப் பக்கம் போகமாட்டார். பீடி என்றால் முகத்தைத் திருப்புவார். டின்னில் அடைத்துக் கப்பலில் வருகிற தூள்தான் அவருக்கு வேண்டும்.

வெளிநாட்டுச் சாமான்கள் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. டின்னும் நின்றது. அதே வருடம் அவருடைய மனைவியும் கண் மூடிவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவது சரியில்லைதான். ஆனால் அத்தானே அப்படித்தான் சொல்வார்: "அவளும் போயிட்டாள், தூளும் இல்லை." எது பெரிய கவலை என்று கேட்கிற துணிவு எங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது?

வெறும் பைப்பைக் கடித்தபடி கதிரையில் இருப்பார். கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கும் மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அத்தான் சம்மதித்துவிட்டார். வருகிற ஆவணியில் மகன் வந்து கூட்டிக்கொண்டு போவதாக முடிவு.

அன்றிலிருந்து இவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். இவர் என்றால் என் கணவர். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தது இந்த ஒருவர்தான். "அண்ணையும் போனால் எனக்கு இந்த ஊரிலை ஆர் இருக்கினம்?" என்றார். ஏன், நான் இருக்கிறேன், பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்... வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அப்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. பைப்புக்குரிய புகையிலையை நாங்களே வளர்த்துக் கொடுத்தால் அண்ணை நிற்கமாட்டாரா?

கண்டிப் பக்கம் பயிர்ச்செய்கை வேலையில் இருக்கும் ஒரு நண்பர் இவருக்கு உண்டு. பைப்புக்கு ஏற்றது பேர்லி என்ற சாதி என்று சொல்லி, அதிலேயே மூன்று வகை விதையை மூன்று மருந்துப் போத்தல்களில் கொண்டுவந்தார். விதையா அது? தூசி. பக்கத்தில் நின்று தும்மினால் தோட்டமே போய்விடும். ஒன்று பேர்லி இருபத்தொன்று. மற்றது கென்டக்கி பதினாலு. மூன்றாவது ஹரோ வெல்வெட் — புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

"இதிலை எது நல்லது?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லதுதான்."

"அப்ப என்ன வித்தியாசம்?"

"இது கொஞ்சம் கெதியா முத்தும். அது இலை கொஞ்சம் பாரம். மற்றது... மண்ணைப் பொறுத்தது."

"எங்கட மண்ணுக்கு எது சரி?"

"அது வைச்சுப் பார்த்தால்தானே தெரியும்."

கலியாணத் தரகர்கூட மாப்பிள்ளையைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்வார்.

பாலையூற்றில் எங்கள் வளவில், கிணற்றுக்கும் முருங்கைக்கும் இடையில் ஒரு துண்டு நிலம். ஒரு சாதி வைக்கத்தான் இடம். நான் வெல்வெட் என்றேன். காரணம்? பெயர் பிடித்திருந்தது. இவர் இருபத்தொன்று என்றார். அவரிடமும் காரணம் இல்லை. புகைக்கப் போகிறவரையே கேட்போம் என்று அத்தானிடம் போனோம். "எனக்கு டின்னிலை வந்தால்தான் தெரியும்" என்றார். வேறு வழியில்லாமல் மூன்றையும் நெருக்கி நெருக்கி நட்டோம்.

முளைத்து வந்தால் மூன்றும் ஒரே முகம். இவர் பாத்திக்கு ஒரு தடி நட்டு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று துணி கட்டினார். இலை முறித்தபோது அதே நிறத்து நூலில் கோத்தோம். பேர்லிக்கு வெயில் ஆகாது, நெருப்பும் ஆகாது. நிழலில் தொங்கவிட்டு, காற்றிலேயே மஞ்சளாகி, பிறகு மண்நிறமாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். சைக்கிள் கொட்டிலில் தொங்கவிட்டோம். சைக்கிள் மழையில் நின்றது.

உயிர்த்த ஞாயிறு முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா வந்தா. புகுந்த வீட்டில் பரம்பரையாகப் புகையிலைச் செய்கை. எனக்குச் சந்தோசம்தான், விசயம் தெரிந்த ஒரு ஆள் வீட்டில் நிற்கிறாவே என்று. நிலாவெளியில் ஒரு கலியாணம். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் போனோம்.

திரும்பி வந்தால் வளவெல்லாம் புகை.

"ஏனடி, நல்ல புகையிலையை இப்பிடி வாட விட்டிருக்கிறாய்?" என்றா அக்கா. கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் கரி. கொட்டிலில் இருந்த இலை முழுவதையும் இறக்கியிருக்கிறா. அவர்கள் ஊர் முறைப்படி பெரிய இலை, நடு இலை, அடி இலை என்று தரம் பிரித்திருக்கிறா. கயிற்றில் புதிதாகக் கோத்திருக்கிறா. ஒரு பாதியைக் கோழிக்கூட்டில் அடைத்து, கீழே தேங்காய்ப் பொச்சு போட்டுப் புகை மூட்டியிருக்கிறா. கூட்டுக் கோழிகள் முருங்கையில் ஏறி நின்றன.

"நிறநிறமா நூல் கட்டியிருந்ததே, எங்கை?" இவருடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்டது.

"அது பிள்ளையள் விளையாடினதாக்கும் எண்டு அடுப்பிலை போட்டனான்."

"புகை போடச் சொல்லி ஆரக்கா சொன்னது?"

"புகை போடாத இலையை ஆரடி தொடுவான்?"

என்ன செய்வது? பகல் முழுவதும் எனக்காகப் புகைக்குள் நின்ற அக்காவை ஏச முடியுமா? குசினிக்குள் போய் இரண்டு சட்டியை ஓங்கி வைத்தேன். இவர் கொட்டில் தரையில் இருந்துவிட்டார். ஆவணிக்கு அண்ணை போவது உறுதி என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

இனி எது இருபத்தொன்று? எது கென்டக்கி? எது வெல்வெட்? மூன்றிலும் புகை பிடித்தது எது, பிடிக்காதது எது? மணந்து பார்த்தோம். வெளிச்சத்தில் பிடித்து நரம்பு பார்த்தோம். நேரம் போகப் போக முருங்கையிலைகூடப் பேர்லியாகத் தெரிந்தது. கடைசியில் இலை நன்றாகக் காய்ந்ததும், ஒவ்வொரு கயிற்று இலையையும் அரிந்து, தனித்தனிக் கோப்பைத் தட்டுகளில் வைத்தோம்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து அத்தான் வந்தார். திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட அக்காவும் இருந்தா. முதல் தட்டு — இருமல். அடுத்தது — "கொட்டில் பத்தி எரிஞ்ச மாதிரிக் கிடக்கு." அக்காவின் முகம் சுருங்கியது. அடுத்ததற்குப் பைப்பைத் தட்டிக் கொட்டினார். இவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த தட்டில் அத்தான் ஒரு இழுவை இழுத்தார். இன்னொரு இழுவை. கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எது?"

"இருபத்தொன்று" என்றார் இவர். "வெல்வெட்" என்றேன் நான். "நான் புகை போட்டது" என்றா அக்கா. மூவரும் ஒரே நேரத்தில்.

அத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப, ஒருத்தருக்கும் தெரியாது."

"சொல்ல ஏலாது, அண்ணை. எல்லாம் கலந்துபோச்சு."

முடிந்தது கதை, எழும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"விதை மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், கிடக்கு."

"அப்ப வாற மாரிக்கு மூண்டையும் புறம்புபுறம்பா வைச்சுப் பார்க்கவேணும். நூலைக் கட்டிப்போட்டுக் கலியாணத்துக்குப் போற ஆக்களை நம்பேலாது. நான் வந்து நிக்கிறன்."

"ஆவணியிலை மகன் வாறார் எல்லோ அத்தான்?" கேட்டுத் தொலைத்தது நான்தான். இவர் என் காலை மிதித்தார்.

"வரட்டும். வந்து நிண்டு பார்த்திட்டுப் போகட்டும்."

இவர் மெல்ல எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எங்களில் ஒருவருக்கு அன்று சரியான பதில் தெரிந்திருந்தால்? அந்த விதையையும் அந்தத் தூளையும் சுற்றிக்கொண்டு அத்தான் நிம்மதியாகக் கொழும்புக்கு ரயிலேறியிருப்பார். எதிலும் தெளிவு வேண்டும், தெளிவு வேண்டும் என்கிறார்களே... எல்லாவற்றிலுமா வேண்டும்?

தொலைந்ததை எல்லாம் தேடிக் கொடுக்கும் அந்தோனியாருக்கு நேற்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன் — இந்தப் பதிலை மட்டும் தேடிக் கொடுத்துவிடாதேயும் என்று.