தொட்டுப் பார்க்காத சிப்பி

ஆஸ்பத்திரி முன்கூடத்துக் கடல்நீர்த் தொட்டியைக் கவனிப்பவளை எல்லோரும் நத்தையம்மா என்றே கூப்பிட்டார்கள். தொட்டியும் அதிலிருந்த பவளங்களும் அவள் புருஷன் அமைத்தவை. அவர் மயங்கி விழுந்த அன்று, "முடிஞ்சுபோச்சு" என்று அக்கம்பக்கம் கையை விரித்தது. இவள்தான் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, நாடி துடிப்பதைச் சொல்லிக் கத்தினாள். இப்போது வாளியும் கையுறையும் இவளிடம். அவர் மாடி வார்டில், வேலைக்காரர் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய கட்டிலில்.

அந்தக் கட்டிலுக்குத்தான் ஆபத்து. தொட்டியில் சிப்பிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. "அந்தப் பெரிய சிப்பியும் போச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மணலுக்குள் சின்ன நத்தைகள் புதைந்திருக்கும். பிண வாடை பட்டதும் மேலே வந்து மொய்த்து, செத்ததைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கிவிடும். "நத்தை ஏறிடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாத. தொட்டுப் பாரு, உசிரு இருந்தா சுருங்கும்" என்பார் புருஷன். கடைக்காரன் கொடுத்த சின்ன நத்தைகளோடு பெரிசாக ஒன்றும் வந்திருந்தது. எந்தச் சிப்பி செத்தாலும் அதுதான் முதலில் போய் உட்காரும். "மத்ததெல்லாம் ஓபி அடிக்குது, நீ ஒருத்தன்தான் உழைக்கிற" என்று அதை மெச்சிக்கொள்வாள்.

அன்று காலை பெரிய சிப்பி வாய் பிளந்து கிடந்தது. மேலே அந்த உழைப்பாளி, சுற்றிலும் சின்னதுகள். வாசலில் மேனேஜரின் குரல் கேட்டது. அவர் கண்ணில் படுவதற்குள் அகற்றிவிட்டால், சாயங்காலத்துக்குள் அதே மாதிரி வேறொன்று வாங்கி வைத்துவிடலாம். பெரிய நத்தையைப் பதமாக எடுத்து மணலில் விட்டாள். சிப்பியைப் பையில் சுருட்டிப் பின்பக்கக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மேனேஜர் போனில் பேசியபடியே, தொட்டிப் பக்கம் திரும்பாமல் அறைக்குள் போய்விட்டார்.

மூச்சு விட்டுத் திரும்பி வந்தவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். பெரிய நத்தை ஒரு சின்ன நத்தையைக் கவ்வி, உயிரோடு உறிஞ்சிக்கொண்டிருந்தது. சின்னதின் சதை இன்னும் துடித்தது.

இத்தனை நாளும் கொலைகாரனுக்குத்தான் செல்லம் கொடுத்திருக்கிறாள்.

விழுந்தடித்துக்கொண்டு குப்பைத்தொட்டிக்கு ஓடினாள். பிளந்தபடி பைக்குள் போட்ட சிப்பி, இப்போது இறுக மூடியிருந்தது. செத்தது எப்படி வாயை மூடும்?

மறுபடி கடல்நீர்த் தொட்டிக்குள் வைத்துக் காத்திருந்தாள். அது மெதுவாகத் திறந்தது. விரலால் தொட்டாள். சுருங்கவில்லை. மறுபடி தொட்டாள். அப்போதும் அசைவில்லை.

"பாவி, அப்பவே தொட்டுப் பார்த்திருக்கலாமே" என்று அழுதாள். மணல் அசைந்தது. சின்ன நத்தைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இந்த முறை அவை தப்பாக வரவில்லை.

அறைக்கதவு திறந்தது. மேனேஜர் தொட்டியை நோக்கி நடந்து வந்தார். அவள் சிப்பியை மறைக்கவில்லை; கையை வெளியே எடுக்கவும் இல்லை.