கார்பன் சைக்கிளும் அண்ணனின் முறுக்கும்

சீனத் தொழிற்சாலையிலிருந்து நேரடியாக வரவழைத்த கார்பன் சைக்கிள் பிரேம் அது. பாதி விலைக்குக் கிடைத்ததாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. தேயிலை ஃபேக்டரியில் பிட்டராக இருக்கும் என் அண்ணன்தான் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார்.

"சைனா சாமான் கண்ணு, பாத்து ஓட்டு" என்றார்.

அரவேணு மலை ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம் வந்தது. பிரேம்தான் விரிசல் விடுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் வரை இறங்குவதாக இருந்தேன். பயத்தில் பிரேம் முழுவதையும் நாணயத்தால் தட்டிக் கேட்டேன். உள்ளே உடைந்திருந்தால் சத்தம் மந்தமாகும் என்பார்கள். எங்கும் ஒரே மாதிரிதான் கேட்டது. அப்போதும் நம்பாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கைப்பிடியை இறுக்கிய போல்ட் மட்டும் அசையவே இல்லை. அண்ணனே வந்து கழற்றினார். போல்ட் அழுத்திய இடத்தில், கார்பன் கைப்பிடியில் விரிசல் ஓடியிருந்தது.

"இத்தன பலமாவாண்ணா முறுக்குனீங்க?"

"எங்க மெஷினுக்கெல்லாம் இப்படித்தான் கண்ணு முறுக்குவோம். இல்லீன்னா அதிர்வுல கழண்டுக்கும்."

கொண்டை ஊசி வளைவில் அது கையோடு வந்திருந்தால்?

கைப்பிடியை மாற்றியதும் கிறீச் சத்தம் நின்றுவிட்டது. சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வாங்கி, இப்போது நானே பூட்டுகிறேன். பிரேமைச் சந்தேகப்படுவதில்லை. அண்ணன் வரும் நாளில் ஸ்பேனர்களை ஒளித்துவைக்கிறேன்.