ஏழு நாள் கெடு

அந்தப் போனை வாங்கி வந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. ஜொகூரில் டிரெய்லர் ஓட்டும் என் வீட்டுக்காரர் மகளுக்கென்று ஆசையாக வாங்கியது. விலை என்னவோ கூடுதல்தான். ஆனால் அந்தப் போன் தன் கம்பெனியின் ஆப் கடையில் உள்ளதைத் தவிர வேறு எந்த ஆப்பையும் உள்ளே விடாது. அப்படியொரு வீம்பு.

மகளுக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதிலிருந்து இனிப்புநீர். ஒருநாள் பள்ளியில் சுகர் இறங்கி மயங்கிக் கிடந்தவளை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்கப்புறம்தான் சுகரை அளந்து போனுக்கு அனுப்பும், கையில் ஒட்டும் வில்லை வாங்கினோம். எங்கள் ஊர்க் கணக்கில் சுகர் நாலுக்குக் கீழே போனால் போன் அலறும். அலறவைக்கும் ஆப் அந்தக் கடையில் கிடையாது. எங்கோ வெளிநாட்டில், இதே நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் செய்து சும்மா கொடுத்தது. சிரம்பானைத் தாண்டி ரஹாங்கில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் லேப்டாப்பில் செருகி ஏற்றிக் கொடுத்தார்.

"கடையில இல்லாத ஆப்பு ஏழு நாள்தான்கா ஓடும். அப்புறம் செத்துடும். மறுபடி வந்துதான் ஆகணும்லா," என்றார்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? ஞாயிறு தவறாமல், ரெம்பாவ் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் லயத்து வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஏறி நான்தான் போனேன். ஒன்றரை வருஷம். தம்பினில் அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் முன்னே எழுந்து ஓடினேன். அண்ணி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த லட்சணத்தில், புத்தி கெட்டுப்போய், எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். வேண்டுதல் மகளுக்காகத்தான். காப்புக் கட்டினால் பத்து நாள், தீ மிதித்து முடியும்வரை, எஸ்டேட் எல்லையைத் தாண்டக்கூடாது. வியாழக்கிழமை மஞ்சள் கயிற்றைக் கையில் முடிந்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமை என் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு காலை பசியாறும்போது மகள் ஆப்பைத் தட்டினாள். திறந்து, உடனே மூடிக்கொண்டது. ரஹாங்குக்குப் போன் அடித்தேன். கடையில் தனியாள், வர முடியாது என்றார். பூசாரியிடம் ஓடினேன். கழற்றுவதென்றால் உன் இஷ்டம் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழற்றினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? கழற்றாவிட்டால் ஆகிவிடுமோ? எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பிள்ளைதான் நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பினால், அவள் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தானே போய்விட்டு வருவதாகச் சொன்னாள். ஒரு நாள்கூடத் தனியாக பஸ் ஏறாதவள். திட்டினேன், கெஞ்சினேன். சுகர் பார்க்கும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். எஸ்டேட் பெயர்ப்பலகை வரைக்கும்தான் என்னால் பின்னால் போக முடிந்தது. அதற்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாப். அலறாத போனோடு அவள் பஸ் ஏறிப் போனாள்.

எஸ்டேட் வாசல் காவலாளி நாற்காலி போட்டார். உட்காரப் பிடிக்கவில்லை. கூப்பிட்டேன்; ஒரு தடவை எடுத்தாள், அப்புறம் எடுக்கவில்லை. அம்மனையே வாய்விட்டுத் திட்டினேன். கயிற்றுக்குள் விரலை விடுவதும் எடுப்பதுமாக நின்றேன். நின்ற இடத்திலேயே பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதுகில் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடித்தேன்.

ஆப்பை ஏற்றிவிட்டாளாம். போகும்போது சிரம்பான் பஸ் ஸ்டேஷனில் கை நடுங்கியதாம். விரலில் குத்திப் பார்த்தாளாம், மூன்று புள்ளி ஆறு. இனிப்பாகச் சீரோப் தண்ணி வாங்கிக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி குத்தி, ஏறிவிட்டது தெரிந்த பிறகுதான் அடுத்த பஸ் ஏறினாளாம். மழை வந்தது, நின்றது என்பதுபோலச் சொன்னாள்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "போன் அலறாமலே எனக்குத் தெரிஞ்சதும்மா. கேம்புக்குப் போகவா?"

போர்ட்டிக்சனில் மூன்று நாள் பள்ளி முகாம். நான் கையெழுத்துப் போட வேண்டிய அனுமதிப் பாரத்தை இரண்டு வாரத்துக்கு முன்பே கிழித்துக் குப்பையில் போட்டிருந்தேன். பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஒவ்வொரு துண்டாக டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள்.

காவலாளியின் மேசையில் வைத்து, காப்புக் கட்டிய கையாலேயே கையெழுத்துப் போட்டேன். கோணலாக வந்தது. இனிமேல் ரஹாங்குக்கும் தானே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி நான் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.