இரவல் சட்டையில் போனவர்

அந்த அட்டை இப்போது என் வீட்டு அலமாரிக்கு மேலே இருக்கிறது. தொழிற்சாலைக்குச் சாமான் வரும் பெட்டியிலிருந்து அறுத்தெடுத்த தடித்த அட்டை. ‘போர் வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியது நான்தான். கடைசிப் புள்ளியில் மை கொஞ்சம் ஒழுகிவிட்டது. அதுவும் அப்படியே இருக்கிறது. எதிர்ப்புக் கூட்டத்தைப் பற்றி நாளிதழில் வந்த படத்தில் என் எழுத்து இருக்கிறது, நான் இல்லை. அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பவர் அக்கா.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவர் புக்கிட் செலம்பாவ், மாதா கோயிலில் பாடுகிற குடும்பம். நான் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம். எனக்குக் கையெழுத்தைக் கொடுத்த கடவுள் பேச்சை முழுசாக அவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர்கூட நின்று கேட்பார். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவரே ‘என்ன?’ என்பார். அவர் கொண்டுவரும் மிளகாய்ச் சம்பால்தான் எப்போதும் முதலில் காலியாகும். அதற்குக்கூட எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பசியாறும்போது, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம், அப்பாவுக்கு ஆறு வயது. தோட்டத்து ஆபீஸ் திடலில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள், எல்லாரும் வாருங்கள் என்றார்கள். தாத்தாவிடம் நல்ல சட்டை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டு, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனார். திடலில் படம் இல்லை, லாரிகள் நின்றன. சயாமில் ரயில் பாதை போட, வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தாத்தா திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி கிடையாது. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் படையலில் ஒரு வெள்ளைச் சட்டை வைப்பார். படையல் முடிந்ததும் அதைப் பக்கத்து வீட்டாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். இரவல் வாங்கியது அல்லவா. சாகும்வரை அவர் எந்தப் படக்கொட்டகைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. இதைக் கேட்டு முடிக்கும்வரை அக்கா கையில் எடுத்த நாசி லெமாக் சோற்றை வாயில் வைக்கவில்லை.

பிறகு ஈராக் போர் வந்தது. கேண்டீன் தொலைக்காட்சியில் குண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். ஈராக் எந்தப் பக்கம் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டவுன் திடலில் எதிர்ப்புக் கூட்டம் என்று அக்காதான் ஆள் சேர்த்தார். என்னை அட்டைகள் எழுதச் சொன்னார். தாத்தா கதையையும் மேடையில் சொல்லச் சொன்னார். சரி என்றேன், இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். அன்றைக்கு மைக்கை அவர் என் கையில் கொடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லித் தண்ணீர்க்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அங்கிருந்துதான் அக்காவின் குரல் கேட்டது. “எங்க தாத்தா ஒரு வெள்ளச் சட்டய இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு, படம் பாக்கப் போனாரு.”

எங்க தாத்தாவாம்! லாரி, எண்ணெய், சட்டை, படையல், ஒன்று விடவில்லை. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் வீட்டில் ஏது தீபாவளிப் படையல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு கிழவர் எழுந்து, தன் அப்பாவும் அப்படித்தான் போனார் என்றார். அப்புறம் இன்னொருவர். பெண்கள் அழுதார்கள். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் தொழிற்சாலை லைனிலிருந்தே ஒரு பஸ் நிறைய ஆள் வந்தது. ஈராக்குக்காக மட்டும் அவர்கள் வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் சயாமுக்குப் போன ஒருவர் இருந்தார். என் தாத்தா அத்தனை பேரைத் திரட்டியிருக்கிறார் என்று நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அக்காவின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் லைனில், “அது எங்க தாத்தா, அக்கா” என்றேன்.

“மைக்க மொதல்ல ஒன் கையிலதான குடுத்தேன்? நீ ஓடிட்ட. சனம் காத்துக்கிட்டு நிக்குது, நான் என்னம்மா செய்யறது?”

அவர் சொன்னது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது. ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். போன வருஷம் அவர் இறந்தபோது மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இப்போது மறுபடியும் போர், இந்த முறை எல்லாருடைய கைப்பேசியிலும். மறுபடியும் அதே திடலில் கூட்டம். அக்காவின் மகள் இந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம். மறுபக்கத்தில் புதிதாக ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். தேநீர் குடித்துக்கொண்டே, மேடையில் தான் பேசப்போவதைச் சொன்னாள். அம்மாவின் தாத்தா இரவல் சட்டை போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போன கதை. அந்தப் பிள்ளை அதை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தது.

“அவரு பேரு என்னம்மா?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “அம்மா சொன்னதே இல்ல ஆன்ட்டி.”

எப்படிச் சொல்வார்? அதை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மனசு குளிர்ந்தது, அற்பமாகத்தான். அட்டையைத் திருப்பிப் போட்டுத் தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சிவப்பு மையில் எழுதினேன்.

“யாரு ஆன்ட்டி இது?”

“சட்டய இரவல் வாங்கிட்டுப் போனவரு. எங்க தாத்தா.”

அவள் என்னையே பார்த்தாள். முகம் சிறுத்துப்போனது. “அப்ப நீங்கதான் பேசணும் ஆன்ட்டி” என்றாள். அட்டையைத் தான் பிடித்துக்கொள்வதாகக் கையை நீட்டினாள். “வேணாம்லா” என்றேன், “நானே புடிச்சிக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மைக் வந்தபோது நான் ஓடவில்லை. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெயரைச் சொன்னேன். படம், சட்டை, லாரி எல்லாம் சொன்னேன், முன்னுக்குப் பின்னாக. முடித்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். யாரும் அழவில்லை.

அட்டையைத் தாத்தாவின் பெயர் தெரிகிறபடி அலமாரிக்கு மேலே சாய்த்து வைத்திருக்கிறேன். அக்கா சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள். அதுதான் எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை.