பாறணை இல்லாத விரதம்

எங்கள் அண்ணர் கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி மருமக்கள் கேட்டார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்குள் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் அவருடைய பெருமையையும் பாதி மறைக்க வேண்டிவரும்.

கிளிவெட்டியில் வயல் செய்யும் குடும்பத்தில் அண்ணர் பிறந்தார். எங்கள் ஐயா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. திருகோணமலைக்கு வந்து வெள்ளைக்காரக் கடற்படையின் படகுகளில் கயிறு இழுத்தார். அவர்கள் துறைமுகத்தை விட்டுப் போன பின்னர் மூதூருக்குச் சனங்களை ஏற்றிப் போகும் லோஞ்சில் சுக்கான் பிடித்தார். அம்மாவை இறுதிவரை பார்த்ததும் என்னைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கியதும் அந்தக் கைகள்தான். காற்றுக் காலத்தில் கொட்டியாரக்குடா கொந்தளிக்கும்போதும், "சுக்கானியார் நிக்கிறாரோ? அப்ப பயமில்லை" என்று சொல்லிக்கொண்டு சனங்கள் ஏறுவார்கள். முன்கோபமும் பிடிவாதமும் உள்ளவர். பிடிவாதத்தில் அவரோடு மல்லுக்கட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒருநாளும் வென்றதில்லை.

நாற்பது வயதில் அவருக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு கண்டது. இடது காலின் சின்னவிரலில் ஊரிச் சிப்பி வெட்டிய காயம் மாதக்கணக்காக ஆறவில்லையென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினால், சீனி இல்லாதவருக்கு அது நீலமாகவே நிற்குமாம். அண்ணருடையது செங்கல் நிறமாக மாறியது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் காலையே இழக்க நேரும் என்று டொக்டர் எச்சரித்தார். கால் போனால் லோஞ்சில் நிற்க முடியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு அப்போது பத்து வயது.

கட்டுப்பாடு என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது விரதம்தான். பிள்ளையார் கதைக்கு வருடந்தோறும் இருபத்தொரு நாள் பிடிக்கிறவர் அண்ணர். இதையும் அப்படியே பிடித்தார். ஒரு நேரச் சாப்பாடு, அவித்த கீரை, வெறும் தேத்தண்ணி. ஒரு நாளும் தவறவில்லை. விரதம் முடிந்தால் பாறணை வேண்டுமல்லவா? அதைச் சமைத்தது நான். பச்சையரிசிச் சோறு, நெய், பாயாசம், மோதகம்.

"சாப்பிடுங்கோ அண்ணா, எலும்பும் தோலுமாப் போனியள்" என்று நானே அள்ளி அள்ளி வைத்தேன்.

அன்று தொடங்கிய பாறணை இரண்டு கிழமை நீண்டது. பிறகு மறுபடியும் இருபத்தொரு நாள், மறுபடியும் பாறணை. மூன்றாம் முறைக்குப் பிறகு அந்தச் சின்னவிரல் கறுத்துப்போய்விட்டது. வெட்டி எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அண்ணர், "டொக்டர், நான் விரதத்தில ஒரு பிழையும் விடேல்லையே" என்றார்.

"விரதம் பிழைக்கேல்லை ஐயா. பாறணைதான் பிழைச்சது. இது முடியிற விரதம் இல்லை. சாகுமட்டும் பிடிக்கவேண்டியதை ஒரே நாளில பிடிக்க ஏலாது. கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கோ. இல்லாட்டி அடுத்தது பாதம்."

அண்ணர் வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "இண்டைக்குத் தேத்தண்ணிக்கு ஒண்டரைக் கரண்டி சீனி போடும்" என்றார். வழக்கம் இரண்டு கரண்டி. அந்த மாதம் முழுக்க அவ்வளவுதான் மாற்றம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, இப்பிடி ஆமை மாதிரி ஊர்ந்தா எப்ப போய்ச் சேருறது?"

"நீ சும்மா இரு பிள்ளை. துறையில கட்டுறதுக்கு நான் அரைக் கட்டை தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கிறனான். பாய்ஞ்சு வந்து முட்டினாத் துறையும் உடையும், லோஞ்சும் உடையும்."

அடுத்த மாதம் ஒரு கரண்டி. பிறகு சீனியே இல்லை. பனங்கட்டி சீனியல்ல என்ற எங்கள் ஊர் நியாயத்தையும் அவர் ஏற்கவில்லை. இரவுச் சோற்றுக்குப் பதிலாக முதலில் கிழமைக்கு ஒருநாள் கேழ்வரகில் அவித்த குரக்கன் பிட்டு, பின்னர் மூன்று நாள், பின்னர் எல்லா நாளும். மத்தியானச் சோறு அகப்பை அகப்பையாகக் குறைந்தது. அந்த இடத்தைப் பாகற்காயும் முருங்கையிலையும் பிடித்தன. அந்தத் தைப்பொங்கலுக்கு ஒரு கரண்டி பொங்கல் வாயில் வைத்தார். பழைய அண்ணராக இருந்தால், விரதம் முறிந்தது முறிந்துவிட்டதென்று பானையையே காலியாக்கியிருப்பார். அன்று கையைக் கழுவிவிட்டு எழும்பினார். மாலையில் வழக்கம்போலக் குரக்கன் பிட்டுக்கு இருந்தார். அந்த ஒரு கரண்டியில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. எட்டு மாதத்தில் செங்கல் நிறம் பச்சையாகி, ஒரு வருடத்தில் நீலமாகவே நின்றது.

நாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு வந்தபோது ஊரே சோற்றுக்குப் பதில் குரக்கனைத் தின்று அதைத் திட்டியது. அண்ணர் மட்டும், "இப்பதான் எல்லாரும் என்ர வழிக்கு வாறியள்" என்று சிரித்தார்.

ஓய்வு பெறும் நாள்வரை சுக்கானை விடவில்லை. கடைசிப் பயணத்திலும் யாருடைய கையையும் பிடிக்காமல் துறையில் இறங்கினார். மூத்தவளின் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி நடந்து விசாரித்தார். என் மனதில் கிடந்ததை அன்றுதான் அவரிடம் சொன்னேன்: "அண்ணா, உங்கட விரல் போனது என்னாலதான்."

"விசரி! வைச்சது நீ. திண்டது ஆர்?" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்க விடவில்லை. போன மாதம் ஒரு காலையில், கதிரையில் இருந்தபடியே, மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

செய்தி கேட்டதும் கிளிவெட்டியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் ஓடி வந்தவர்களுக்கும், கிரியைகளை முன்னின்று நடத்தியவர்களுக்கும், பாடை சுமந்த லோஞ்சுத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. விருந்தாளிக்குச் சீனியில்லாத் தேத்தண்ணி கொடுப்பது மரியாதையில்லை என்று தெரிந்தும், அவருக்காக அந்த மரியாதையை விட்டுக்கொடுத்த மூதூர் முஸ்லிம் நானாமாரின் வீடுகளையும் மறக்கமாட்டோம். பதினைந்து வருடம் அகப்பையைக் கையில் வைத்து அவரைக் காத்த அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பாடையில் ஏற்றுமுன் அண்ணருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒன்பது விரல்கள். இல்லாமற்போன அந்த ஒன்றை நான் ஊட்டிக் கெடுத்தேன். இருந்த ஒன்பதையும் அவர், ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும், தானே காப்பாற்றி வைத்திருந்தார்.