மருந்து போடாத குழாயும் சிவந்தது

கிருமியைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கசிந்து கிருமி செத்துவிடும். அப்படி ஓட்டை போடும் புதிய மருந்துப் பொருள் ஒன்றை நான் என் கையால் உருவாக்கியிருந்தேன். நிவித்திகலப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அந்தப் பொருள் இருக்கும் குப்பியின் மேல் என் கையெழுத்து இருப்பதைத் தினமும் பார்த்துக்கொள்வேன்.

அது கிருமிகளைக் கொன்றது. ஆனால் நம் இரத்த அணுக்களுக்கும் சவ்வு உண்டு. அவற்றையும் உடைத்தால் என் பொருளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணாடிக் குழாயில் இரத்த அணுக்களோடு மருந்தை விட்டுச் சுழற்றினால், உடையாத அணுக்கள் அடியில் படியும். மேலே நீர் தெளிந்து நிற்கும். உடைந்தால் முழுவதும் சிவந்துவிடும்.

அன்று எல்லாக் குழாய்களும் சிவந்திருந்தன.

என் முகம் தொங்கிவிட்டது. கூட வேலை செய்யும் சிங்கள அக்கா ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“இங்க பலன்ன நங்கி, பாரு தங்கச்சி. இதுல மருந்தே போடல்லதானே? இது ஏன் சிவப்பு?”

மருந்துக்குப் பதிலாக, அணுக்களை உடைக்காத வெறும் உப்புநீர் விட்ட குழாய் அது. வரிசையின் கடைசியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோப்பு போன்ற கரைசல் விட்டு வேண்டுமென்றே அணுக்களை உடைத்த குழாய் இருந்தது. இரண்டும் ஒரே நிறம். கவலையை மறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

“குழாயெல்லாம் யாரு கழுவினது?”

“நான்தான் அக்கா. பளபளன்னு தேய்ச்சேனே!”

“தேய்ச்சது சரி. அலசினதா?”

எங்கள் தோட்டத்து லயம் வீடுகளில், ஊற்றிலிருந்து வழியும் பீலித் தண்ணீருக்கு எப்போதும் வரிசைதான். பின்னால் குடங்கள் காத்திருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்த பாத்திரங்களை ஒரே பேசின் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு நகர வேண்டும். ஆய்வுகூடத்தில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. என் கை இன்னும் பீலியடியிலேயே நின்றது. ஒட்டியிருந்த சோப்பும் சவ்வைத்தான் உடைத்திருக்கிறது, என் மருந்து கிருமிக்குச் செய்வதைப் போலவே!

ஆசை தீர அலசி, மறுநாள் திரும்பச் செய்தேன். உப்புநீர் தெளிந்து நின்றது. என் பொருள் விட்ட குழாய்களும் தெளிவுதான், அடியில் சிவப்புப் பொட்டு. அதிகமாக விட்ட ஒன்றில் மட்டும் லேசான இளஞ்சிவப்பு.

அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

“இவ்வளவு படிச்சும் சட்டி கழுவத் தெரியலையாடி ஒனக்கு?” என்று சிரித்தார். “அது கெடக்கட்டும். ஒன் மருந்து பொழைச்சிருச்சா?”

“பொழைச்சிருச்சும்மா. நெறைய ஊத்தினாத்தான் கொஞ்சம் ஒடைக்குது. ஏன்னு பாக்கணும்.”

அந்த இளஞ்சிவப்புக் குழாயை மட்டும் இன்னும் கழுவவில்லை.